‘பேரிங் மாத்தியாச்சு’ என்ற ஒரு வரியை நம்பி பழைய போர்ஷே வாங்கப் போகிறவர்களுக்கு

டொராண்டோவில் இருக்கும் நண்பர் ஒருவர் ஒருநாள் ராத்திரி ஒரு விளம்பரத்தை அனுப்பினார். 2002 மாடல் போர்ஷே 911 கரேரா. வெள்ளி நிறம், மேனுவல் கியர், இருபது வருஷத்தில் 70,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. விலை, புதிதாக ஒரு குடும்பக் கார் வாங்குவதைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். விளம்பரத்தின் முதல் வரியே ‘ஐஎம்எஸ் பேரிங் மாற்றப்பட்டது’. கீழே நண்பரின் கேள்வி: “எடுக்கலாம்தானே அண்ணை?”

996 என்று அழைக்கப்படும் அந்தத் தலைமுறை 911-ஐயும், அதே காலத்தில் போர்ஷே விற்ற சிறிய காரான பாக்ஸ்டரையும் பார்க்கப் போகிற எல்லோரும் இந்த ஒரு பேரிங்கைப் பற்றித்தான் கேட்கிறார்கள். விற்பவருக்கும் அது தெரியும். அதனால் முதல் வரியிலேயே பதிலை வைத்துவிடுகிறார். கேட்க வேண்டிய மற்ற கேள்விகள் அதோடு அடங்கிப்போகின்றன. நான் பார்த்தவரை பெரிய தவறு இதுதான்.

முதலில் அந்த பேரிங் என்னவென்று பார்த்துவிடுவோம். 1996-இல் பாக்ஸ்டரிலும் 1997-இல் 911-இலும் போர்ஷே தண்ணீரால் குளிரும் புது எஞ்சினைக் கொண்டுவந்தது. எம்96 என்று பெயர். அதில் கிராங்க் ஷாஃப்ட்டின் சுழற்சியை வாங்கி, சங்கிலி வழியாக வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட்டுகளுக்குக் கடத்த நடுவில் ஒரு தண்டு உண்டு. இன்டர்மீடியட் ஷாஃப்ட், சுருக்கமாக ஐஎம்எஸ். அதன் ஒரு முனையைத் தாங்குவது கிரீஸ் அடைத்து மூடிய ஒரு சின்ன பால் பேரிங். நாள்பட மூடி தேய்கிறது, சூடான ஆயில் உள்ளே புகுந்து கிரீஸைக் கழுவிவிடுகிறது. பேரிங் உடைந்தால் தண்டு ஆடும், சங்கிலி பல் தாண்டும், வால்வு போய் பிஸ்டனில் இடிக்கும். எஞ்சின் முழுக்க இரும்புத் தூள். அதற்கப்புறம் மிஞ்சுவது விலை உயர்ந்த பழைய இரும்புதான்.

எல்லா வருடத்திலும் ஒரே பேரிங் இல்லை. ஆரம்பத்தில் வந்தவற்றில் இரட்டை வரிசை உருண்டைகள். 2000, 2001 வாக்கில் அது ஒற்றை வரிசையாகச் சிறுத்தது, 2005 வரை அப்படியே வந்தது. அதற்குப் பின் வந்தது அளவில் பெரியது, ஆனால் எஞ்சினைப் பிளக்காமல் வெளியே எடுக்க முடியாது. 2009 மாடலில் வந்த புது எஞ்சினில் அந்தத் தண்டே இல்லை.

அமெரிக்காவில் இதற்காக வாடிக்கையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டு, 2013-இல் அது சமரசத்தில் முடிந்தது. அந்த வழக்கையொட்டிப் பரவலாகப் புழங்கும் எண், ஒற்றை வரிசை பேரிங்கில் சுமார் 8 சதவீதம் பழுதாகிறது, இரட்டை வரிசையில் 1 சதவீதம் அளவு. இந்த எட்டை எப்படிப் படிப்பது என்பதில்தான் அடுத்த தவறு நடக்கிறது.

ஒரு சாரார் எட்டைக் கேட்டதுமே ஓடிவிடுகிறார்கள். இன்னொரு சாரார், நூறில் 92 வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்று மார்தட்டுகிறார்கள். இருவருமே கணக்கைப் பாதியில் விட்டவர்கள். எஞ்சின் போனால் மாற்ற 20,000 அமெரிக்க டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 8 சதவீதம் 1,600 டாலர். காகிதத்தில் பார்த்தால் பெரிய தொகை இல்லை, பேரம் பேசும்போதே குறைத்துவிடலாம். ஆனால் அந்த 1,600-ஐ யாரும் கட்டப்போவதில்லை. உங்களுக்கு வரும் பில் சைபர், இல்லையென்றால் 20,000. நூறு வண்டி வைத்திருக்கும் வியாபாரிக்குச் சராசரி உதவும். ஒரே ஒரு வண்டி வாங்குகிற நமக்கு அது உதவாது. நண்பரிடம் நான் முதலில் கேட்டது இதைத்தான்: “வாங்கின அடுத்த மாதம் எஞ்சின் போனால், வீட்டுக் கடன் தவணையைத் தொடாமல் சமாளிக்க முடியுமா?” கொஞ்ச நேரம் பதில் வரவில்லை.

சரி, பேரிங் மாற்றியாயிற்று என்கிறாரே, அது நல்லதுதானே? நல்லதுதான், பில் இருந்தால். கியர்பாக்ஸைக் கழற்றினால்தான் அந்த பேரிங்கைத் தொட முடியும். அதனால் பெரும்பாலும் கிளட்ச் மாற்றும்போதே சேர்த்துச் செய்வார்கள். மாற்றியது உண்மை என்றால் கிளட்ச் பில்லும் அதே தேதியில் இருக்க வேண்டும் அல்லது ஏன் இல்லை என்பதற்கு ஒரு விளக்கம் இருக்க வேண்டும். போட்டது எந்த பேரிங்? பழைய மாதிரியையே புதிதாகப் போட்டார்களா, செராமிக் உருண்டை போட்டதா, எஞ்சின் ஆயில் அழுத்தத்திலேயே மிதக்கும் வகையா? மாற்று பேரிங்குகளில் சிலவற்றுக்கு இத்தனை மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற கெடு உண்டு. பத்து வருடம் முன்பு மாற்றியதென்றால் அந்தக் கெடுவை நெருங்கிக்கொண்டிருக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, ஏன் மாற்றினார்கள் என்பது. முன்னெச்சரிக்கையாக மாற்றியது வேறு, சத்தம் கேட்டு, ஆயிலில் இரும்புத் தூளைப் பார்த்துப் பதறி மாற்றியது வேறு. பின்னதில் தூள் ஏற்கெனவே எஞ்சின் முழுக்கச் சுற்றி வந்திருக்கும். அங்கே புது பேரிங் வெறும் ஒப்பனை.

நண்பரின் விளம்பரத்தில் எனக்கு உறுத்திய இன்னொன்று, அவரை ஈர்த்த அதே 70,000 கிலோமீட்டர். வருடத்துக்கு 3,500. குறைவாக ஓடிய வண்டி குறைவாகத் தேய்ந்த வண்டி என்று நம் ஊரில் அம்பாசடர் காலத்திலிருந்தே ஒரு நம்பிக்கை. இந்த எஞ்சினுக்கு அது பொருந்தாது. கராஜில் நிற்கும் வண்டியில் ஆயில் பழசாகும், ஈரம் சேரும். ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடாகும் முன்பே நிறுத்திவிடுவார்கள். அப்படி நின்றே கெட்ட பேரிங்குகள் ஏராளம். தினமும் ஓட்டி, காலாகாலத்தில் ஆயில் மாற்றி, 1,60,000 கிலோமீட்டர் தாண்டிய வண்டியை நான் தயங்காமல் பார்ப்பேன். விற்கும்போது விலையும் குறைவாகத்தான் கேட்பார்கள்.

இனி பேரிங்கின் புகழில் மறைந்துபோன விஷயத்துக்கு வருகிறேன். இன்றைய தேதியில் 996-க்கும், அடுத்து வந்த 997-இன் முதல் பாதிக்கும் என்னைக் கேட்டால் இதுதான் பெரிய ஆபத்து: சிலிண்டர் சுவரில் விழும் கோடுகள். இந்த எஞ்சினின் சிலிண்டர் சுவர் சிலிக்கன் கலந்த அலுமினியம். பிஸ்டன் மேல் இரும்புப் பூச்சு இருக்கும். பூச்சு போனால் அலுமினியமும் அலுமினியமும் உரசும், சுவரில் நீளவாக்கில் கீறல் விழும். பெரும்பாலும் வலப்பக்க மூன்று சிலிண்டரில், அதிலும் ஆறாவதில். குளிர் ஊர்களில், கடுங்குளிரில் ஸ்டார்ட் செய்த கையோடு மிதித்து ஓட்டிய வண்டிகளில், இந்தப் பேச்சு அதிகம் அடிபடும். டொராண்டோ பனிக்காலத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு அறிகுறிகள் உண்டு. சூடான பிறகு ‘டக் டக்’ என்று சீராக ஒரு தட்டல். இரண்டு புகைக்குழாய்களில் ஒன்று மட்டும் மற்றதைவிட நன்றாகக் கரி படிந்திருப்பது. ஆயில் வேகமாகக் குறைவது. விரலைக் குழாய்க்குள் விட்டுத் தேய்த்துப் பார்க்கலாம், காசு செலவில்லாத சோதனை. ஆனால் விற்பவர் நேற்றே துடைத்திருந்தால் ஒன்றும் ஒட்டாது. உறுதியாகத் தெரிய ஒரே வழி, சின்ன கேமராவை சிலிண்டருக்குள் விட்டுப் பார்ப்பது. இதிலும் ஒரு தவறு நடக்கிறது. ஸ்பார்க் பிளக் துளை வழியாக மட்டும் பார்த்துவிட்டு ‘சுத்தமாக இருக்கிறது’ என்று சான்றிதழ் கொடுத்துவிடுகிறார்கள். கோடு பெரும்பாலும் சிலிண்டரின் கீழ்ப்பகுதியில்தான் தொடங்குகிறது. அடியில் ஆயில் தொட்டியின் தட்டைக் கழற்றி, கீழிருந்து பார்த்தால்தான் அது தெரியும். வேலை கொஞ்சம் கூட, செலவும் கூட. 20,000 டாலருக்கு முன்னால் அதெல்லாம் டீக்காசு.

எஞ்சின் சத்தத்தைக் கேட்கும்போது ஒன்று கவனியுங்கள். நீங்கள் போய்ச் சேரும் முன்பே வண்டி சூடாக இருந்தால், “நாளைக்கு வருகிறேன், தயவுசெய்து ஸ்டார்ட் செய்யாதீர்கள்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம். குளிர்ந்த நிலையில் சில நொடி தட்டல் கேட்டு அடங்கினால் பயப்பட வேண்டாம். முதல் ஸ்டார்ட்டில் ஒரு சின்ன நீலப்புகை வந்தாலும் பரவாயில்லை. சிலிண்டர்கள் படுத்துக் கிடக்கும் எஞ்சினில் ராத்திரி ஆயில் கொஞ்சம் உள்ளே தேங்குவது வழக்கம். இதைப் பார்த்து அலறி நல்ல வண்டியை விட்டவர்களும் உண்டு. ஆனால் குளிர்ந்த ஸ்டார்ட்டோடு திருப்தியாகித் திரும்பவும் கூடாது. அரை மணி நேரம் ஓட்டி நன்றாகச் சூடான பிறகு இன்னொரு முறை கேளுங்கள். சிலிண்டர் தட்டல் வருவது அப்போதுதான்.

எனக்குப் பிடித்த சோதனை ஆயில் ஃபில்டர். இந்த எஞ்சினில் அது மடிப்பு மடிப்பான காகிதச் சுருள். கத்தியால் வெட்டி, மடிப்பைப் பிரித்து, வெள்ளைத் துணியில் விரித்து, வெயிலில் பார்க்க வேண்டும். மின்னும் துகள் இருந்தால் காந்தத்தை மெல்ல நகர்த்துங்கள். ஒட்டினால் எஃகு, அதாவது பேரிங்காகவோ சங்கிலியாகவோ இருக்கலாம். பேரத்தை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஒட்டாமல் மின்னினால் அலுமினியம், அதுவும் நல்ல செய்தியில்லை. பழுப்பு நிறப் பிளாஸ்டிக் துணுக்குகள் என்றால் சங்கிலியைத் தாங்கும் பட்டைகள் தேய்கின்றன. வயதான எஞ்சினில் ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்யும். ஆனால் போன வாரம்தான் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினோம் என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், பார்க்க எதுவும் இருக்காது. அந்த ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பினாலும் சுத்தமாகத்தான் வரும். பழைய ஃபில்டர் எங்கே என்று கேளுங்கள். முகம் போகும் போக்கே பாதி பதில்.

எஞ்சின் கம்ப்யூட்டரைப் படிக்காமல் வாங்குவது இன்னொரு தவறு. நாலாவது கியருக்குப் போக வேண்டியவர் தவறி இரண்டில் போட்டால் சக்கரமே எஞ்சினை எல்லைக்கு மேல் சுழற்றிவிடும், எந்தத் தடுப்பும் வேலை செய்யாது. அது எத்தனை முறை, எஞ்சின் ஓடிய எத்தனையாவது மணிநேரத்தில் நடந்தது என்பது அதில் பதிவாகியிருக்கும். அதே கம்ப்யூட்டரில் எஞ்சின் மொத்தம் ஓடிய மணிநேரமும் உண்டு. 80,000 கிலோமீட்டருக்கு 2,000 மணி என்றால் சராசரி மணிக்கு 40, நம்பலாம். 4,000 மணி என்றால் சராசரி 20. ஒன்று வண்டி வாழ்நாள் முழுக்க டிராஃபிக்கில் நின்றிருக்கிறது, அல்லது மீட்டரில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு தலைவலி எதற்கு, பிரச்சினையே இல்லாத மாடலுக்குப் போய்விடலாமே என்பார்கள். அந்த எஞ்சின் எது? 996 டர்போவிலும் ஜிடி3-இலும் வேறு குலத்து எஞ்சின், இந்த பேரிங் தொல்லை கிடையாது. ஆனால் அதில் தண்ணீர்க் குழாய்களின் இணைப்பு பசையில் ஒட்டியது. பசை விட்டால் ஓடும்போதே தண்ணீர் கொட்டிவிடும். நிமிடத்துக்கு 8,400 சுற்று வரை போகும் வி8 எஞ்சின் பிஎம்டபிள்யூ எம்3-இல், பிஸ்டனை கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட்டின் பேரிங் தேயும். மாஸ்டா ஆர்எக்ஸ்-8-இல் பிஸ்டனே இல்லை, முக்கோணச் சுழலியின் முனையில் இருக்கும் சீல் தேயும். அதன் கம்ப்ரெஷனை, அதாவது உள்ளே காற்று அழுந்தும் அளவை, சாதாரண கருவியால் அளந்து எல்லாம் சரி என்று சொன்னால் நம்பாதீர்கள், அதற்கென்று தனிக் கருவி வேண்டும். பேர் மாறும், கேட்க வேண்டிய கேள்வி அதேதான்.

நண்பர் அந்த வெள்ளி 911-ஐப் பார்க்கப் போனார். பேரிங் பில் இருந்தது, உண்மையான பில். அடியில் தட்டைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டபோது மட்டும், “என் மெக்கானிக் பார்த்துவிட்டார், அது போதும்” என்று விற்பவர் மறுத்துவிட்டார். விற்பவரின் மெக்கானிக் விற்பவருக்குத்தான் மெக்கானிக். நண்பர் மனசில்லாமல் திரும்பினார், ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

நாலு மாதம் கழித்து 1999 பாக்ஸ்டர் ஒன்று எடுத்தார். இரட்டை வரிசை பேரிங், 1,70,000 கிலோமீட்டர், கதவில் ஒரு கீறல், ஒரு ஷூ பெட்டி நிறைய பில். மிச்சம் பிடித்த பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வைத்திருக்கிறார். முதல் ஆயில் மாற்றிய அன்று ராத்திரி ஒரு போட்டோ வந்தது. சமையலறை மேசையில் வெள்ளைத் துணி, அதில் விரித்த ஃபில்டர், பக்கத்தில் ஃபிரிட்ஜ் கதவிலிருந்து பிடுங்கிய காந்தம். பெரிதாக்கிப் பார்த்தேன். பழுப்பாக இரண்டு துணுக்கு, வேறொன்றும் இல்லை. படுத்துத் தூங்கச் சொன்னேன்.