சைவ மீன்: வாங்குவதிலும் சமைப்பதிலும் நடக்கும் தவறுகள்

மீனை விட்டவர்கள் வீட்டில் வாழைக்காயும் சேனைக்கிழங்கும் மீன் மசாலா பூசிக்கொண்டு தோசைக்கல்லில் ஏறுவது வழக்கம். ருசியில் குறையே இல்லை. ஆனால் மீன் தந்த சத்தையும் இந்தச் சைவ மீன் தந்துவிடும் என்று நம்புவது பெரிய தவறு. 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் புரதம் உண்டு. வாழைக்காயில் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. வாழைப்பூ, பலாக்காயிலும் புரதம் குறைவுதான். அன்றைக்குப் பருப்போ பயறோ கூடவே இருக்கட்டும்.

கடையில் உறைநிலையில் விற்கும் சைவ இறால், சைவ மீன் எல்லாம் ஒன்றல்ல. சோயாவில் செய்ததில் புரதம் இருக்கும். கொன்யாக் கிழங்கு மாவில் செய்த இறாலில் நார்ச்சத்தும் தண்ணீரும்தான். புரதம் இல்லையென்றே சொல்லலாம். பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்காமல் வாங்காதீர்கள். உப்பும் பெரும்பாலும் தூக்கலாகவே இருக்கும், குழம்பில் குறைத்துப் போடுங்கள். சோயா, கோதுமை ஒவ்வாதவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

அடுத்தது மீனில் கிடைக்கும் நல்ல கொழுப்பான ஒமேகா-3. ஆளி விதை சாப்பிட்டால் போதும் என்கிறார்கள். ஆளி விதையில் இருப்பது ஏஎல்ஏ என்ற ஒமேகா-3 வகை. மீனில் இருப்பது இபிஏ, டிஹெச்ஏ என்ற வேறு இரண்டு வகைகள். நம் உடம்பு முதலாவதிலிருந்து மற்ற இரண்டையும் மிகக் கொஞ்சமாகத்தான் உருவாக்கும். மீனுக்கே அந்தச் சத்து நுண்பாசியிலிருந்துதான் வருகிறது, அதனால் பாசி எண்ணெய் மாத்திரை நேர்வழி. வைட்டமின் பி12-ஐயும் மறக்கக் கூடாது. தனியாகச் சத்து சேர்த்துச் செறிவூட்டாத சைவ மீனில் அதை எதிர்பார்க்க முடியாது. பால், தயிர், முட்டையும் தொடாதவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுப்பதே சரி.

எனக்குப் பிடித்தது தட்டைப்பயறில் செய்யும் சைவ மீன் குழம்பு. புரதமும் உண்டு, செலவும் குறைவு. ஊறவைத்த பயறைச் சோம்பு, மிளகாயோடு அரைத்து, வாழையிலையில் தட்டி, ஆவியில் வேகவைத்துத் துண்டு போடுவார்கள். இங்கே கெடுவது மூன்று இடத்தில். அரைக்கும்போது தண்ணீர் தாராளமாக ஊற்றினால் துண்டு நிற்காது. கெட்டியாக, கொஞ்சம் கொரகொரப்பாக இருக்க வேண்டும். அப்புறம், சூட்டோடு வெட்டினால் உதிரும். நன்றாக ஆறவிட்டு வெட்டி, எண்ணெயில் இரண்டு பக்கமும் சிவக்க விடுங்கள். புளிக்குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகே துண்டுகளைப் போட வேண்டும். முன்கூட்டியே போட்டால் குழம்பையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு கரைந்துவிடும். போட்டபின் கரண்டி விடாமல், சட்டியைப் பிடித்து லேசாகச் சுழற்றினால் போதும்.