ஹெச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு ஹெச்.பி.வி. பரிசோதனை: எப்போது, எப்படி, அதன் பிறகு என்ன?

“வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் சிஸ்டர், பிறகு எதற்கு இன்னொரு வைரஸ் பரிசோதனை?” ஏ.ஆர்.டி. (ஹெச்.ஐ.வி.யை அடக்கும் மருந்துச் சிகிச்சை) மையத்தில் செவிலியராக இருக்கும் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவர்களே இதைக் கேட்கிறார்கள்.

நீங்கள் சாப்பிடும் மாத்திரை ஹெச்.ஐ.வி.யை மட்டுமே அடக்கும். ஹெச்.பி.வி. என்பது உடலுறவில் பரவி, கருப்பை வாயின் மேல்படலச் செல்களில் தங்கும் வேறொரு வைரஸ்; அதை அழிக்க மாத்திரை எதுவும் கிடையாது. பெரும்பாலான பெண்களின் உடலில் எதிர்ப்புச் சக்தியே ஓரிரு ஆண்டுகளில் அதை அடக்கிவிடுகிறது. ஹெச்.ஐ.வி. உள்ளவர்களிடம் இது மெதுவாகவே நடக்கிறது, சிலரிடம் நடப்பதே இல்லை. நீங்காமல் தங்கிவிடும் ஹெச்.பி.வி.தான் கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்குகிறது. அதனால் அந்த நோய் வரும் அபாயம் மற்றப் பெண்களைவிட இவர்களுக்கு ஏறத்தாழ 6 மடங்கு அதிகம். சாதாரணமாக 15 முதல் 20 ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் இந்த நோய், எதிர்ப்புச் சக்தி குன்றிய உடலில் 5 முதல் 10 ஆண்டுகளிலேயே முற்றிவிடலாம். ஏ.ஆர்.டி. இந்த அபாயத்தைக் குறைக்கும், முழுவதுமாக நீக்காது.

2008ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இரண்டு கண்டுபிடிப்புகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஹெச்.பி.வி.தான் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் என்று காட்டிய ஹரால்டு சுர் ஹவுசனுக்குப் பாதி; ஹெச்.ஐ.வி.யைக் கண்டறிந்த பிரான்சுவா பாரே-சினூசி, லூக் மோன்டாக்னியே இருவருக்கும் மீதிப் பாதி. பரிசுக் குழு ஒரே மேடையில் நிறுத்திய இந்த இரு வைரஸ்களையும் பல மருத்துவமனைகள் இன்னும் வெவ்வேறு கட்டடங்களில்தான் பார்க்கின்றன. ஆகவே யாராவது கூப்பிட்டுச் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். நீங்களே கேளுங்கள்.

எப்போது தொடங்குவது?

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் இதுதான்: ஹெச்.ஐ.வி. உள்ள பெண்கள் 25 வயதில் தொடங்கி, 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஹெச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை (மாதிரியில் அந்த வைரஸின் மரபணு இருக்கிறதா என்று பார்ப்பது) செய்துகொள்ள வேண்டும். ஹெச்.ஐ.வி. இல்லாதவர்களுக்கு 30 வயதில் தொடக்கம், 5 முதல் 10 ஆண்டு இடைவெளி. உங்கள் தோழிக்கு மருத்துவர் சொன்ன கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. சில நாடுகளில் இன்னும் முன்னதாகவே தொடங்குகிறார்கள்; உங்கள் நாட்டின் விதியை உங்கள் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

டி.என்.ஏ. பரிசோதனை இல்லாத இடத்தில் பாப் ஸ்மியர் (கருப்பை வாயின் செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது) செய்யலாம். கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்க்கும் பரிசோதனையும் உண்டு. ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட இவை எவ்வளவோ மேல். ஆனால் அப்போது இடைவெளி 3 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது.

உடலுறவுக்குப் பின் இரத்தம், இரு மாதவிடாய்க்கு இடையே இரத்தம், மாதவிடாய் நின்றபின் இரத்தம், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், அடிவயிற்றில் விடாத வலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். நேரே மருத்துவரிடம் சென்று கருப்பை வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். அறிகுறி இல்லாதவர்களுக்காக ஏற்பட்டதுதான் இந்த முன்கூட்டிய பரிசோதனை.

மாதிரி எடுப்பது

மாதவிடாய் நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். மாதிரி எடுப்பதற்கு முந்தைய இரண்டு நாட்கள் பிறப்புறுப்பினுள் மாத்திரை, களிம்பு, உள்ளே கழுவுதல், உடலுறவு எதுவும் வேண்டாம். கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

டி.என்.ஏ. பரிசோதனைக்கான மாதிரியை நீங்களே எடுக்கலாம். இது தெரிந்ததும் பாதிப் பேர் முகத்தில் தெளிவு வந்துவிடுகிறது. “நான் எடுத்தால் சரியாக இருக்குமா?” என்ற சந்தேகம் அடுத்து வரும். வைரஸின் மரபணுவைப் பல மடங்காகப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். முறையில் சோதிக்கும்போது, பெண் தானே எடுத்த மாதிரியும் மருத்துவர் எடுத்த மாதிரியும் ஏறக்குறைய ஒரே திறனில் நோயைக் காட்டுகின்றன.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உறையைப் பிரித்துக் குச்சியை எடுங்கள். அதன் பஞ்சு முனையோ தூரிகை முனையோ கையிலும் துணியிலும் படக் கூடாது. ஒரு காலைச் சிறு முக்காலியில் வைத்து நிற்கலாம், குந்தி உட்காரலாம், முழங்காலை மடக்கிப் படுக்கலாம். எது வசதியோ அது. ஒரு கையால் இதழ்களை விலக்கி, மறு கையால் குச்சியை மெதுவாக, முதுகை நோக்கிச் சற்றுச் சாய்வாக உள்ளே செலுத்துங்கள். குச்சியில் குறியீடு இருந்தால் அதுவரை. இல்லையென்றால் ஒரு விரல் நீளத்துக்குச் சற்றுக் குறைவாகப் போதும். கருப்பை வாயைத் தேடித் தொட வேண்டியதில்லை. அங்கிருந்து உதிரும் செல்கள் யோனிச் சுவரிலேயே இருக்கும். குச்சியோடு வரும் தாளில் எழுதியிருக்கும் நேரம் வரை (பெரும்பாலும் 10 முதல் 30 விநாடி) சுழற்றுங்கள். வெளியே எடுத்ததும் நேராகக் குழாயில் போட்டு இறுக மூடுங்கள்.

குச்சி உள்ளே தொலைந்துவிடும் என்ற பயம் வேண்டாம். யோனியின் மேற்புறம் மூடியது, எங்கும் போய்விடாது. குச்சியில் இலேசாக இரத்தம் ஒட்டியிருந்தாலும் பரவாயில்லை.

செவிலியரே எடுக்கட்டும் என்றால் அதுவும் சரி. சிறிய ஸ்பெகுலம் (யோனியை விரித்துப் பார்க்க உதவும் கருவி) கேளுங்கள். வலித்தால் நிறுத்தச் சொல்லுங்கள். சொன்னால் நிறுத்த வேண்டியது எங்கள் கடமை.

முடிவு கைக்கு வரும் வரை

நாங்கள் பெண்களை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மாதிரி கொடுத்தவர் முடிவை வாங்குவதில்லை. முடிவை வாங்கியவர் அடுத்த கட்டத்துக்கு வருவதில்லை. ஆகவே மாதிரி கொடுத்த அன்று எழுந்திருக்கும் முன் கேளுங்கள்: முடிவு எந்தத் தேதியில் வரும்? யார் சொல்வார்கள்? கைப்பேசியை வீட்டில் வேறொருவர் எடுத்தால் என்ன பேச வேண்டும்? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. வீட்டில் ஹெச்.ஐ.வி. பற்றி யாருக்கும் தெரியாதவர்களுக்கு முக்கியமானதே அதுதான். “பரிசோதனைக் கூடத்திலிருந்து பேசுகிறோம், அவரை அழைக்கச் சொல்லுங்கள்” என்பதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். தேதி தாண்டியும் அழைப்பு வரவில்லையென்றால், எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள் கொள்ளாதீர்கள். போய்க் கேளுங்கள்.

‘மாதிரி செல்லாது’ என்று வந்தால் மறுபடி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ‘ஹெச்.பி.வி. இல்லை’ என்றால் அடுத்த முறை 3 முதல் 5 ஆண்டுகளுக்குள். அந்த ஆண்டை ஏ.ஆர்.டி. அட்டையின் முதல் பக்கத்தில் நான் சிவப்பு மையில் எழுதிவிடுவேன். உங்கள் அட்டையிலும் எழுதச் சொல்லுங்கள்.

‘ஹெச்.பி.வி. உள்ளது’ என்றால்? அது புற்றுநோய் அல்ல. யாருடைய துரோகத்துக்கும் சான்றும் அல்ல. இந்த வைரஸ் பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்து பிறகு தலைகாட்டக் கூடியது. எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. கணவரோடு சண்டை போடக் கிளம்பியவர்களை இதைச் சொல்லியே உட்கார வைத்திருக்கிறேன்.

ஹெச்.ஐ.வி. உள்ள பெண்களில் பலருக்கு இந்த முடிவு வரும். எல்லோருக்கும் சிகிச்சை கொடுத்தால் தேவையில்லாதவர்களுக்கும் கொடுத்ததாகிவிடும். அதனால் இரண்டாவது சோதனை ஒன்று உண்டு: கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணமான ஹெச்.பி.வி. 16, 18 வகைகள் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள், அல்லது அசெட்டிக் அமிலம், பாப் ஸ்மியர், கோல்போஸ்கோபி (உருப்பெருக்கிக் கருவியால் கருப்பை வாயைப் பார்ப்பது). அதில் ஒன்றும் இல்லையென்றால் 12 மாதம் கழித்து மீண்டும் ஹெச்.பி.வி. பரிசோதனை.

சிகிச்சை தேவைப்பட்டால்

புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் சிறிதாகவும் முழுவதும் கண்ணுக்குத் தெரிவதாகவும் இருந்தால், வெப்பத்தாலோ குளிராலோ அந்த இடத்தை அழிப்பார்கள். வெப்ப முறையில் கருவியை வைக்கும் நேரம் ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. பெரிதாகவோ கருப்பை வாயின் உட்பாதைக்குள் நுழைந்தோ இருந்தால் மின்கம்பி வளையத்தால் வெட்டி எடுப்பார்கள். கருப்பையை எடுப்பது இல்லை.

பிறகு சில வாரங்கள் நீர்போல வெளிப்படும், நாப்கின் வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 4 வாரம் உடலுறவு வேண்டாம். புண் ஆறும் வரை அந்த இடத்திலிருந்து ஹெச்.ஐ.வி. அதிகமாக வெளிப்படக்கூடும், தவிர்க்க இயலாவிட்டால் ஆணுறை கட்டாயம். காய்ச்சல், கட்டிகட்டியாக இரத்தம், சீழ், தாங்காத வலி என்றால் அன்றே திரும்பி வாருங்கள்.

சிகிச்சைக்குப் பின் 12 மாதத்தில் ஒரு பரிசோதனை, அதற்கடுத்த 12 மாதத்தில் இன்னொன்று. இரண்டிலும் இல்லையென்றால் பழைய இடைவெளிக்குத் திரும்பலாம்.

ஹெச்.பி.வி. தடுப்பூசி போட்டிருந்தாலும் இதே அட்டவணைதான். ஏற்கெனவே உள்ள தொற்றை ஊசி நீக்காது. புகைப்பவராக இருந்தால் விட்டுவிடுங்கள், அதுவும் இந்த நோய்க்குத் துணை போகிறது. 50 வயதைக் கடந்தபின், உரிய இடைவெளியில் தொடர்ந்து இரண்டு முறை ‘இல்லை’ என்று வந்திருந்தால் பரிசோதனையை நிறுத்தலாம். பழைய முடிவுத் தாள்களை அதுவரை பத்திரமாக வைத்திருங்கள். மையம் மாறிப் போகும்போது அவற்றைத்தான் கேட்பார்கள்.