பழ ஈயின் கட்டியில் ஜேஎன்கே பாதையின் பங்கைச் சோதிக்கும் முறை

செல்களின் ஒழுங்கமைவைக் காக்கும் ஸ்கிரிபிள் மரபணுவை மட்டும் இழந்த செல்களை, சுற்றிலும் இயல்பான செல்கள் இருக்கும் நிலையில், ஜேஎன்கே எனும், செல்கள் நெருக்கடிக்கு எதிர்வினை காட்டும் சமிக்ஞைப் பாதை அழித்துவிடுகிறது. அதே செல்களில் செல் வளர்ச்சியைத் தூண்டும் ராஸ் மரபணுவின் ஓயாமல் இயங்கும் வடிவமும் சேர்ந்துவிட்டாலோ, அதே பாதை கட்டி பரவத் துணைபோகிறது. இவ்விரு மாற்றங்களும் கூடினால் கட்டி பரவும் என்பதை 2003இல் ஆய்வாளர்கள் பாக்லியாரினியும் தியான் ஷூவும் காட்டினர். ஆகவே பாதை இயங்குகிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், அதை அடைத்தால் என்ன நேர்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

இதற்கு, புழுவின் கண் வட்டில் (பின்னர் கண்ணாக வளரும் திசுவில்) மாற்றம் பெற்ற செல்கள் மட்டும் பச்சையாக ஒளிரும்படி ஐந்து கலப்புகளைச் செய்யுங்கள்: இயல்பானது, ஸ்கிரிபிள் இழந்தது, ராஸ் மட்டும் உள்ளது, இரண்டும் சேர்ந்தது, அவ்விரண்டோடு ஜேஎன்கேயை முடக்கும் பேஸ்கட் (பழ ஈயின் ஜேஎன்கே மரபணு) வடிவமும் உள்ளது. பலர் தவறுவது நான்காவதில்தான். ராஸ் போன்று நாம் சேர்க்கும் மரபணுக்களை, அவற்றின் முன்னுள்ள யுஏஎஸ் எனும் டிஎன்ஏ பகுதியில் ஒட்டி இயக்குவது கேல்4 புரதம். ஐந்தாவதில் யுஏஎஸ் மரபணு ஒன்று கூடுதலாக இருப்பதால் கேல்4 பங்கிடப்பட்டு ராஸின் அளவே குறைந்துபோகலாம். எனவே நான்காவதிலும் தீங்கற்ற யுஏஎஸ் மரபணு ஒன்றைச் சேர்த்து எண்ணிக்கையைச் சமன்செய்யுங்கள். இதைச் செய்யாத முடிவை நான் நம்பமாட்டேன்.

ஒரே நாளில் இடப்பட்ட முட்டைகளை 25 டிகிரி செல்சியஸில், நெரிசலின்றி வளருங்கள். இயல்பான புழுக்கள் ஐந்தாம் நாளளவில் உணவைவிட்டுக் குப்பியின் சுவரில் ஏறும். கட்டியுள்ளவை கூட்டுப்புழுவாகாமல் மேலும் பல நாட்கள் பருத்துக்கொண்டே போகும். அதனால் ஒரே வயதில் ஒருமுறையும், கட்டிப் புழுக்களைப் பிந்திய நாளில் மீண்டும் ஒருமுறையும் எடுங்கள்.

குளிர்ந்த உப்புக் கரைசலில் புழுவின் நடு உடலை ஓர் இடுக்கியால் பிடித்து, வாய்க்கொக்கியை மற்றொன்றால் மெல்ல இழுத்தால், கண் வட்டுகள் மூளையோடு சேர்ந்தே வெளிவரும். வட்டுகளை மூளையிலிருந்து பிரித்துவிடாதீர்கள். பரவலுக்கான சான்று அங்கேதான் கிடைக்கும். 4 விழுக்காடு ஃபார்மால்டிஹைடில் 20 நிமிடம் நிலைப்படுத்தி, நன்கு கழுவி, திசுக்களைச் சுற்றியுள்ள சவ்வைச் சிதைக்கும் எம்எம்பி1 புரதத்துக்கான எதிர்ப்பொருளால் சாயமேற்றிக் கான்ஃபோகல் நுண்ணோக்கியில் பாருங்கள்.

நான்காம் கலப்பில் பச்சைச் செல்கள், மூளையோடு இணைந்த வயிற்றுப்புற நரம்பு வடத்துக்குள் புகுந்திருக்க, ஐந்தாவதில் அவ்வடம் தெளிவாகவும் எம்எம்பி1 குறைந்தும் இருந்தால், பரவலுக்கு ஜேஎன்கே தேவை என்று எழுதலாம். கட்டியின் அளவைத் தனியே அளந்து குறியுங்கள். அளவு குறைந்ததால்தான் பரவல் நின்றதா என்ற கேள்விக்கு அந்தக் குறிப்பே விடை தரும்.