அன்றாட நினைவுக்குறிகளை அமைத்துக்கொள்வது எப்படி?

தமக்கு மறதி அதிகம் என்று வருந்துபவர்களிடம் கடைசியாக எதை மறந்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் செய்யாமல் விட்ட ஒரு வேலையைத்தான் சொல்வார்கள். மாத்திரை போடவில்லை, கடிதத்தை அஞ்சலில் சேர்க்கவில்லை, திருப்பித் தர வேண்டிய புத்தகம் இன்னும் மேசைமேல் கிடக்கிறது. அந்த வேலை மனத்தை விட்டு அழிந்துபோகவில்லை. மாலையில் வீடு திரும்பிப் புத்தகத்தைக் கண்டதுமே எல்லாம் நினைவுக்கு வந்துவிடுகிறது. வர வேண்டிய நேரத்தில் வராமல் போனதுதான் குறை. ஆகவே நினைவுக்குறி ஒன்றை அமைக்க நினைப்பவர், அதை எப்படி மனத்தில் பதிப்பது என்று யோசிப்பதற்கு முன்பே, அது தமக்கு எந்த இடத்தில், எந்தக் கணத்தில் தேவைப்படும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதற்கு மிக எளிய வழி, பொருளையே குறியாக்குவது. காலையில் கொண்டுசெல்ல வேண்டிய புத்தகத்தை முந்தைய இரவே கதவருகில், அதைத் தாண்டாமல் வெளியே போக முடியாத இடத்தில் வைத்துவிட வேண்டும். மறக்கவே கூடாத பொருளாக இருந்தால் வீட்டுச் சாவியை அதன்மேலேயே வைக்கலாம். சாவி இல்லாமல் யாரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவதில்லை. விரலில் நூல் கட்டுவதையும் கைக்குட்டையில் முடிச்சுப் போடுவதையும் நான் பரிந்துரைப்பதில்லை. ஏதோ ஒன்றை மறந்திருக்கிறோம் என்பதை மட்டும் அவை சொல்லும். எதை என்று சொல்லாது. கைபேசியில் வெறுமனே ஒலிக்கும் அலாரத்துக்கும் இதே குறை உண்டு. அலாரம் வைக்கும்போது அதில் ‘மருந்து’ என்று மட்டும் எழுதாமல், ‘எழுந்து போய் இரவு மாத்திரையை எடு’ என்று செயலையே எழுத வேண்டும். அந்தச் செயலைச் செய்யக்கூடிய நேரத்துக்கே அதை வைக்கவும் வேண்டும். பயணத்தின் நடுவில் ஒலிக்கும் அலாரத்தை நிறுத்திவிட்டு, வீடு சேர்ந்ததும் மறந்துவிடுவோம்.

வைப்பதற்குப் பொருள் இல்லாத வேலைகளும் உண்டு. அவற்றுக்கு ஒரு வாக்கியம் போதும். ‘இன்று அவரை அழைக்க வேண்டும்’ என்று எண்ணிக்கொள்வதைவிட, ‘மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் அவரை அழைப்பேன்’ என்று, உறுதியாக நிகழப்போகும் ஒன்றோடு வேலையைப் பிணைத்துச் சொல்லிக்கொள்வது நல்ல பலன் தரும். பீட்டர் கோல்விட்சர் என்னும் உளவியலாளர் இத்தகைய திட்டங்களின் ஆற்றலைப் பற்றி 1999இல் எழுதிய கட்டுரை இத்துறையில் பெரிதும் பேசப்படுவது. இதில் கவனிக்க வேண்டியது, பிணைக்கும் நிகழ்வு கண்ணுக்கும் கைக்கும் தெளிவாகத் தெரிவதாக இருக்க வேண்டும் என்பதே. ‘நேரம் கிடைக்கும்போது’ என்பது நிகழ்வே அன்று.

நாள்தோறும் செய்யும் செயல்களில் வேறொரு சிக்கல் இருக்கிறது. என் தாயாருக்கு மருந்து கொடுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்த மாதங்களில், கொடுக்க மறந்ததைவிட, கொடுத்தேனா இல்லையா என்று திகைத்து நின்றதே அதிகம். ஒரே செயல், ஒரே இடம், ஒரே நேரம். நேற்றைய நினைவும் இன்றைய நினைவும் ஒன்றோடொன்று கலந்துவிடும். இங்கே உதவுவது மனத்திறமை அன்று. கண்ணால் பார்த்து உறுதிசெய்யக்கூடிய ஒரு தடயம். கிழமைவாரியாக ஏழு அறைகள் கொண்ட மாத்திரைப் பெட்டி அதைத்தான் செய்கிறது: அறை காலியாக இருந்தால் மருந்து போயிற்று. அப்படியும் ஐயம் ஏற்பட்டால், இன்னொரு முறை கொடுத்துவிடாமல் மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்பதே பாதுகாப்பு. கதவைப் பூட்டுவது, அடுப்பை அணைப்பது போன்றவற்றில் தடயம் வைக்க முடியாது. அங்கே வாய்விட்டுச் சொல்வது உதவும். ‘செவ்வாய்க்கிழமை, பூட்டிவிட்டேன்’ என்று கையைப் பூட்டில் வைத்தபடியே சொன்னால், அந்தச் செயல் மற்ற நாள்களின் செயல்களிலிருந்து தனித்து நிற்கும்.

இனி, மனத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டிய தகவல்களுக்கு வருவோம். எந்த மாதத்துக்கு 31 நாள் என்பதை அறிய முட்டியை மடக்கி எண்ணும் முறை பலருக்கும் தெரிந்திருக்கும். ஆள்காட்டி விரலின் மேட்டில் ஜனவரி, அடுத்த பள்ளத்தில் பிப்ரவரி என்று எண்ணிக்கொண்டே போனால், மேட்டில் விழும் மாதங்களுக்கெல்லாம் 31 நாள். சுண்டுவிரல் மேட்டில் ஜூலை வந்ததும், பள்ளத்துக்குத் திரும்பாமல் மீண்டும் முதல் மேட்டிலிருந்து ஆகஸ்டைத் தொடங்க வேண்டும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். எப்போதும் உடன் இருக்கும் உடலையே ஏடாகக் கொள்வதால், நான் அறிந்த உத்திகளில் இதற்கே முதலிடம் தருவேன்.

உடல் கைகொடுக்காத இடத்தில் மொழி கைகொடுக்கும். மோனையும் எதுகையும் செய்யுளுக்கு அழகு மட்டுமல்ல, அடுத்த சொல்லை இழுத்துவரும் கயிறும் கூட. எழுத்து அரிதாக இருந்த காலத்தில் நீண்ட நூல்கள் வாய்மொழியாக நிலைத்ததில் அவற்றுக்குப் பங்கு உண்டு. திருகாணியை எந்தப் பக்கம் திருப்புவது என்று தடுமாறுபவர், ‘வலம் வந்தால் வலுக்கும், இடம் வந்தால் இளகும்’ என்று ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும். வலத்தை வலுவோடும் இடத்தை இளக்கத்தோடும் ஓசையே கட்டிவைத்திருப்பதால், இரண்டையும் மாற்றிச் சொல்ல நாக்கு இடம்தராது.

எண்களுக்கும் தமிழில் ஒரு வசதி இருக்கிறது. பழைய தமிழ் எண்களை எழுத்துகளாகவே படிக்கலாம்: 1 க, 2 உ, 3 ங, 4 ச, 5 ரு, 6 சு, 7 எ, 8 அ, 9 கூ. ‘ங’வில் தொடங்கும் சொல் வழக்கில் இல்லையாதலால் 3க்கு ‘ந’வைக் கொள்ளலாம், பழைய முறையில் 0க்குத் தனிக் குறி இல்லாததால் நான் பூச்சியத்தின் ‘பூ’வை வைத்துக்கொள்கிறேன். இப்போது 4712 என்ற எண், ‘சன்னலில் எழும்பிய கரடி உறுமியது’ என்று ஆகிவிடும். காட்சி எவ்வளவு விந்தையாக இருக்கிறதோ அவ்வளவு நன்றாகப் பதியும். இத்தகைய வாக்கியத்தைப் பிறரிடம் வாங்காமல் தாமே புனைந்துகொள்வது நல்லது. புனைவதற்கு எடுக்கும் சிரமத்தின்போதே பாதி பதிந்துவிடுகிறது.

நீண்ட வரிசைகளுக்கு, உதாரணமாக மேடையில் பேச வேண்டிய பத்துக் கருத்துகளுக்கு, இடங்களின் வரிசையே சிறந்தது. பண்டைக் கிரேக்கக் கவிஞர் சைமனிடீஸ், விருந்து நடந்த மண்டபம் இடிந்து விழுந்தபோது, யார் எங்கே அமர்ந்திருந்தார் என்பதைக் கொண்டு இறந்தவர்களை அடையாளம் காட்டினார் என்றும், அதிலிருந்து இந்த முறை பிறந்தது என்றும் ரோமானியப் பேச்சாளர் சிசரோ எழுதியிருக்கிறார். செய்ய வேண்டியது இதுதான்: சொந்த வீட்டில் வாசல் தொடங்கிப் பின்கட்டு வரை பத்து இடங்களை எப்போதும் மாறாத வரிசையில் முடிவுசெய்துகொண்டு, ஒவ்வொரு கருத்தையும் ஒரு காட்சியாக்கி ஒவ்வோர் இடத்தில் நிறுத்த வேண்டும். தண்ணீர்ச் சிக்கனம் முதல் கருத்தானால் வாசற்படியில் வெள்ளம் புரள வேண்டும். பேசும்போது மனத்தால் வீட்டுக்குள் நடந்து சென்றால் போதும்.

பெயர்களுக்கு இத்தனை ஏற்பாடு வேண்டாம். அறிமுகத்தின்போது நாம் பெயரை மறப்பதில்லை, கேட்பதே இல்லை. அடுத்து நாம் என்ன சொல்வது என்ற யோசனையில் இருந்துவிடுகிறோம். எனவே பெயரைக் கேட்டதும் ஒருமுறை திருப்பிச் சொல்லி, விடைபெறும்போது பெயரோடு விடைபெற வேண்டும். அதன்பின் ஒரு மணி நேரம் கழித்தும், மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் குறிப்பைப் பாராமலே நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும். 1885இல் ஹெர்மன் எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து ஆராய்ந்தபோது, மறதி தொடக்கத்தில் விரைவாகவும் போகப்போக மெதுவாகவும் நிகழ்வதைக் கண்டார். இடைவெளிகளை நீட்டிக்கொண்டே போவது அதனால்தான்.

அமைத்த குறிகளைப் பராமரிக்கவும் வேண்டும். கதவில் ஒட்டிய காகிதம் ஒரு வாரத்தில் கதவின் பகுதியாகிவிடும். கண் அதைத் தாண்டிப் போய்விடும். அப்போது அதை வேறு உயரத்துக்கு மாற்ற வேண்டும், அல்லது வேறு நிறத்தில் எழுத வேண்டும். வேலை முடிந்த குறியை அப்போதே கிழித்துவிட வேண்டும், ஏனெனில் முடிந்துபோன நான்கு குறிப்புகளுக்கு நடுவே இருக்கும் ஐந்தாவதை யாரும் படிப்பதில்லை.