ரவீன் ஓரம் வீடு பார்க்கிறீர்களா? ரொறன்ரோ பகுதியின் வெள்ளக் கோட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் வீடு பார்க்கப் போனால், "பின்னால் ரவீன், பின்வளவுக்காரர் யாரும் இல்லை" என்று முகவர் சொல்லும் வீடு ஒன்றாவது வரும். ரவீன் என்பது ஓடை ஓடும் பள்ளத்தாக்கு: வேலிக்கு அப்பால் மரங்கள், கீழே கணுக்கால் நனையும் அளவுக்கு ஓர் ஓடை. அந்த ஓடையின் வெள்ளம் எதுவரை ஏறலாம் என்று காட்டும் ஒரு சட்டக் கோடு இருக்கிறது. அது வேலியோடு நிற்பதில்லை. சில வளவுகளில் வீட்டின் நடுவாலேயே போகும். வீடு வாங்கிய பிறகு நிலக்கீழ் தளத்தை வாடகைக்கு மாற்றப் போகும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. அந்த வாடகையை நம்பி அடமானக் கணக்குப் போட்ட குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஒன்ராறியோவில் இந்தக் கோட்டை மாநகரசபை தனியாகத் தீர்மானிப்பதில்லை. ஆற்றுப்படுகை வாரியாக அமைந்த பாதுகாப்பு அதிகாரசபைகள்தான் கணித்து வரைகின்றன. ஹம்பர், டொன், ஹைலண்ட் கிறீக், ரூஜ், டஃபின்ஸ் ஆகிய ஆறுகளும் ஓடைகளும் ரொறன்ரோ பிராந்திய அதிகாரசபையின் கீழ் வருகின்றன; எல்லோரும் ரிஆர்சிஏ என்பார்கள். கிரெடிட் நதிப் பக்கத்து மிசிசாகா, பிரம்ப்டன் பகுதிகளுக்கும், விற்பி, ஒஷாவாவுக்கும் வேறு அதிகாரசபைகள். நகரசபை அந்தக் கோட்டைத் தன் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே கோட்டுக்குள் கட்டுவதற்கு இரண்டு அனுமதி வேண்டும். அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் நகரசபை கட்டட பெர்மிட் தராது.

கோடு எங்கே விழும் என்பதை ஒரு புயல் தீர்மானிக்கிறது. பல நாடுகளில் அளவுகோல் "100 வருட வெள்ளம்". நூறு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும் என்று அதற்குப் பொருள் இல்லை. எந்த ஒரு வருடத்திலும் வர 1 சதவீத வாய்ப்பு. 25 வருட அடமானக் காலம் முழுவதையும் எடுத்தால் அது ஏறத்தாழ 22 சதவீதம் ஆகிறது. ரொறன்ரோ பகுதியில் அளவுகோல் இதைவிடக் கடுமையானது. 1954 அக்டோபர் 15 இரவு ஹேசல் சூறாவளியில் ஒன்ராறியோவில் 81 பேர் இறந்தார்கள். ஹம்பர் கரையில் ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் மட்டும் 35 பேர். வீடுகள் ஆள்களோடு அடித்துச் செல்லப்பட்ட அந்த இடம் இன்று பூங்கா. அதன் பிறகுதான் ஆற்றோர நிலங்களை அரசு வாங்கிக் குடியிருப்பை விலக்கியது. இங்கே ஆற்றோரமெங்கும் நீங்கள் நடக்கும் பச்சைப் பாதைகளில் பல அப்படி வந்தவை.

அந்த மழைதான் இன்றும் கணக்கின் அடிப்படை: 48 மணி நேரத்தில் 285 மில்லிமீற்றர், அதில் கடைசி 12 மணி நேரத்தில் மட்டும் 212. முதல் 36 மணி நேர மழையில் மண் இனி நீரைக் குடிக்க முடியாத அளவுக்கு ஊறிவிடும். பிறகு கொட்டுவது எல்லாம் நேரே ஆற்றுக்கு ஓடும். அதே மழை இன்று உங்கள் ஓடையின் படுகையில் பெய்தால் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறும் என்று கணித்து, அந்த மட்டத்தில் கோடு போடுகிறார்கள். 100 வருட வெள்ளம் அதைவிடப் பெரிதாக வரும் இடத்தில் அதுவே கோடு.

கட்டுப்பாட்டு எல்லை வெள்ளக் கோட்டோடு முடிவதில்லை. கரை தெளிவாகத் தெரியாத இடத்தில் வெள்ள எல்லைக்கு வெளியே இன்னும் 15 மீற்றர் சேரும். ஆழமான பள்ளத்தாக்காக இருந்தால், சரிவு உறுதியாக நிற்கும் மேல்விளிம்பிலிருந்து 15 மீற்றர். சதுப்பு நிலத்தைச் சுற்றி 30 மீற்றர். 2024 ஏப்ரல் 1 முதல் மாகாணம் முழுவதற்கும் ஒரே ஒழுங்குவிதி, 41/24, நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, ஓடையிலோ சதுப்பிலோ இல்லாத, 15 சதுர மீற்றருக்கு உட்பட்ட, ஆள் குடியிருக்காத கொட்டிலுக்கும் அதே அளவுள்ள திறந்த தனி டெக்குக்கும் அதிகாரசபை அனுமதி தேவையில்லை. வேலி அடிக்கலாம், ஆனால் பலகைகளுக்கு நடுவே குறைந்தது 75 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும்; தண்ணீர் போக வழி வேண்டும் அல்லவா. நெருக்கமாக அடித்த வேலி வெள்ளத்தில் அணையாகிவிடும்.

மண் கொட்டி வளவை உயர்த்துவதுதான் எங்கள் ஆள்கள் அதிகம் மாட்டுப்படும் இடம். பின்வளவு சரிவாக இருக்கிறது, தோட்டம் போட நாலு லொறி மண் இறக்குவோம் என்று தோன்றும். உங்கள் வளவில் இடமில்லாத தண்ணீர் அடுத்த வளவுக்குத்தான் போகும். அதனால்தான் அது அனுமதி இல்லாமல் செய்யக்கூடாத வேலை. தனியாருக்குத் தண்டம் 50,000 டொலர் வரை போகலாம். ரொறன்ரோ நகருக்குள் ரவீன் பாதுகாப்புச் சட்டம் வேறு இருக்கிறது: அந்த எல்லைக்குள் எந்தப் பருமனான மரத்தை வெட்டவும் நகரசபை அனுமதி வேண்டும்.

இனி நிலக்கீழ் வீடு. ஒரு வளவில் மூன்று குடியிருப்பு வரை மாகாணம் அனுமதிக்கிறது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வெள்ளக் கோட்டுக்குள் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். வெள்ள மட்டத்துக்குக் கீழே ஆள் படுத்துறங்கும் புது அறைக்கு அதிகாரசபை பொதுவாகச் சம்மதிக்காது. வீடு நனையாவிட்டாலும், தெருவில் தண்ணீர் நின்று அம்புலன்ஸ் வர முடியாது என்றால் அதுவும் மறுப்புக்குக் காரணமாகும். மார்க்கம் யூனியன்வில், பிரம்ப்டன் நகர மையம் போன்ற பழைய குடியிருப்புகளுக்கு "விசேட கொள்கைப் பகுதி" என்று தனி ஏற்பாடு உண்டு. அங்கும் நிபந்தனையோடுதான் கட்டலாம்.

வாங்கும் முன் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறோம். முதலில் அதிகாரசபையின் இணைய வரைபடத்தில் விலாசத்தை அடித்துப் பாருங்கள். காசு இல்லை, ஐந்து நிமிடம் போதும். வளவின் ஒரு மூலை நிறமாகத் தெரிந்தாலும் அடுத்த படிக்குப் போங்கள். வரைபடம் ஒரு வழிகாட்டி மட்டுமே, சட்டத்தின் வாசகம்தான் இறுதி. பிறகு உங்கள் சட்டத்தரணி மூலம் அதிகாரசபைக்கு எழுத்தில் சொத்து விசாரணை அனுப்பி, வெள்ள மட்டம் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீற்றர் என்று கேளுங்கள். இதற்குக் கட்டணம் உண்டு, தாராளமாகக் கட்டலாம். சட்டத்தரணி செய்யும் காணி உறுதித் தேடலில் இது வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். இந்தக் கோடு பொதுவாக உறுதியில் பதியப்படுவதில்லை. பதில் வரும் வரை, வீட்டைக் கேட்டுக் கொடுக்கும் விலைப்பத்திரத்தில் (ஓஃபர்) ஒரு நிபந்தனை போடச் சொல்லுங்கள். நிபந்தனையில்லாமல் கேட்டால்தான் வீடு கிடைக்கும் என்று அவசரப்படுத்தினால், விசாரணையை முன்கூட்டியே முடித்துவிட்டுக் கேளுங்கள்.

காப்புறுதியையும் அதே வாரத்தில் விசாரியுங்கள். சாதாரண வீட்டுக் காப்புறுதியில் ஆற்று வெள்ளம் அடங்காது. சாக்கடை நீர் திரும்பி வீட்டுக்குள் ஏறுவதற்கு ஒரு கூடுதல் காப்பு, தரைமேல் வரும் வெள்ளத்துக்கு இன்னொரு கூடுதல் காப்பு; இரண்டும் வேறு வேறு. அபாயம் கூடிய விலாசத்துக்கு இரண்டாவதை விற்கவே மறுக்கும் நிறுவனங்கள் உண்டு.

இப்போதைக்கு நிலக்கீழ் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். கோட்டுக்கு வெளியே இருந்தாலும் சாக்கடை வழியாகத் தண்ணீர் வரும். 2013 ஜூலை 8 அன்று பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை கொட்டியபோது ஆற்றிலிருந்து தூரத்தில் இருந்த நிலக்கீழ் தளங்களும் நிரம்பின. வீட்டுக்காரரின் காப்புறுதி உங்கள் சாமான்களுக்குக் காசு தராது. வாடகையாளர் காப்புறுதி தனியாக எடுங்கள். கடவுச்சீட்டு, பிஆர் கார்ட், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் தரையில் உள்ள சூட்கேசில் வேண்டாம், மேல்தட்டில் வையுங்கள்.

நிலக்கீழ் தளத்தின் தரையில் வட்டமாகவோ சதுரமாகவோ ஒரு மூடி இருக்கிறதா பாருங்கள். அதற்குள் இருப்பது பின்னோட்டத் தடுப்பு வால்வு. தெருச் சாக்கடை நிரம்பித் திரும்பும்போது உள்ளே இருக்கும் மடல் மேலெழுந்து குழாயை அடைக்கும். கொழுப்பும் கழிவும் படிந்தால் அது சரியாக மூடாது, ஆகவே வருடத்துக்கு ஒருமுறையாவது திறந்து துடைக்க வேண்டும். அழகுக்காக அதன் மேல் லமினேற் போட்டு மறைத்த வீடுகள் எத்தனையோ. முக்கியமாக, வால்வு அடைத்திருக்கும் நேரத்தில் மேல்வீட்டில் குளித்தாலோ, உடுப்புத் தோய்த்தாலோ அந்தத் தண்ணீருக்கு வெளியே போக வழி இல்லை. உங்கள் தரை வடிகாலால்தான் வரும். பெருமழை பெய்யும்போது மேலே இருப்பவர்களிடம் போய், மழை விடும் வரை தண்ணீர் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.