ஜெர்மன் வினைச்சொல் பழக ஒரு தக்காளி போதும்

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜெர்மன் சொல்லித் தருகிறீர்களா? வினைச்சொல் அட்டவணையை ஒப்பிக்க விடுவதற்குப் பதில் ஒரு மரபுத்தொடரைக் கொடுத்துப் பாருங்கள். 'இஷ் ஃபெர்ஷ்டேயெ நூர் பான்ஹோஃப்'. நேர்ப்பொருள், 'எனக்கு ரயில் நிலையம் மட்டும்தான் புரிகிறது'. அதாவது, ஒரு மண்ணும் புரியவில்லை!

சிரித்து முடித்ததும் ஆளை மாற்றச் சொல்லுங்கள். நீ என்றால் 'டூ ஃபெர்ஷ்டேஸ்ட்', அவன் என்றால் 'ஏர் ஃபெர்ஷ்டேட்'. வருகிறேன், வருகிறாய், வருகிறான் என்று நாமும் வால் மாற்றுகிறோமே, அதே கதைதான். ஆங்கிலம் வழியாக விளக்கினால் சுற்றுவழி.

அப்புறம் அடம்பிடிக்கும் வினைகள். 'ஹாபென்' (வைத்திருப்பது) என்பதற்கு 'ஹஸ்ட் டூ டொமாட்டென் அவுஃப் டென் அவ்கென்?' கண்ணில் தக்காளியா வைத்திருக்கிறாய் என்று அர்த்தம். நம் ஊரில் 'கண்ணு பொடனியிலயா இருக்கு?' இஷ் ஹாபெ, டூ ஹஸ்ட், ஏர் ஹட்: நடுவிலிருக்கும் 'ப' நழுவுவதைக் காட்டுங்கள்.

'நேமென்' (எடுப்பது) இன்னும் குறும்பு. ஒருவரைக் 'கையில் தூக்குவது' என்றால் அங்கே காது குத்துவது. இஷ் நேமெ, ஆனால் டூ நிம்ஸ்ட், ஏர் நிம்ட். வியர் (நாம்) வந்ததும் பழையபடி நேமென்.

இதற்கு ஒரு பகடை வாங்கி வையுங்கள். 6 பக்கம், 6 வினை வடிவம். 1 விழுந்தால் இஷ், 2 என்றால் டூ. என் வகுப்பில் ஒருவன் 'டூ நேம்ஸ்ட்' என்றதும் மொத்த வகுப்பும் 'நிம்ஸ்ட்!' என்று கத்தியது. நான் வாயே திறக்கவில்லை.

தக்காளி வசனத்தைப் பெரியவர்களிடம் சொல்லாதே என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.