தசை அழற்சிக்குப் பெட் ஸ்கேன்: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

அணு மருத்துவப் பிரிவுக்குப் புதிதாக வருபவர்களிடம், "ஆறு மணி நேரம் பட்டினியா என்று கேள், நோயாளி அசையாமல் படுத்திருக்கிறாரா பார்" என்றெல்லாம் சொல்லத் தேவையில்லை. அவர்கள் விழும் குழிகள் வேறு.

காலையில் போட்ட இன்சுலின்

தசை அழற்சி நோயாளிகளில் பலர் ஏற்கெனவே பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள், சர்க்கரை ஏறியிருக்கும். ஸ்கேன் அன்று காலை 240 என்று காட்டியதும், வார்டில் வேகமாகச் செயல்படும் இன்சுலினைப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். நம்மிடம் வரும்போது 150. எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் இன்சுலின் பட்டதும் குளூட்-4 என்னும் கடத்திப் புரதங்கள் தசைச் செல்லின் மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன. குளூக்கோஸைப் போலவே, ஸ்கேனில் ஒளிர்ந்து தெரிவதற்காக நாம் செலுத்தும் கதிரியக்கச் சர்க்கரையான எஃப்.டி.ஜி.யையும் உள்ளே இழுத்துக்கொள்கின்றன.

அப்படி ஒரு பெண்மணியின் படத்தைப் பார்த்துப் பயிற்சி மருத்துவர் ஒருவர், "தீவிரத் தசை அழற்சி" என்று அறிக்கை எழுதி வைத்திருந்தார். தோள், முதுகு, தொடை, கெண்டைக்கால் எல்லாம் ஒரே சீராக ஒளிர்ந்தன. இதயம் பளீரென்றும் கல்லீரல் வெளிறியும் இருந்தன. தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் சி.கே. நொதியின் அளவோ இயல்பு! அந்த அறிக்கை வெளியே போயிருந்தால் ஸ்டீராய்டைக் கூட்டுவார்கள், சர்க்கரை இன்னும் ஏறும், அடுத்த ஸ்கேனுக்கு இன்னும் இன்சுலின்.

அதைவிடப் பெரிய ஆபத்து, மறைந்துபோகும் கட்டி. பெரியவர்களுக்கு வரும் டெர்மடோமயோசைட்டிஸுக்கு (தோலையும் தாக்கும் தசை அழற்சி) பின்னால் புற்றுநோய் ஒளிந்திருக்கலாம். அதைத் தேடவும்தான் இந்த ஸ்கேன். எஃப்.டி.ஜி.யைத் தசை உறிஞ்சிக்கொண்டால் சிறு கட்டிக்கு என்ன மிஞ்சும்?

சர்க்கரை எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், கடைசி இன்சுலின் எது, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். தோலுக்கடியில் போட்ட விரைவு இன்சுலின் என்றால் குறைந்தது 4 மணி நேரம் கழிய வேண்டும். எஃப்.டி.ஜி.யில் உள்ள கதிரியக்க ஃபுளோரின்-18இன் அரை ஆயுள் 110 நிமிடம்தான். வரவழைத்த மருந்து வீணாகுமே என்ற தயக்கத்தில்தான் பலர் அதைச் செலுத்திவிடுகிறார்கள். வீணாகட்டும். வேறு நாள் கொடுங்கள்.

தொடை நடுவோடு நிறுத்துவது

அது புற்றுநோய் ஸ்கேனின் வழக்கம். இங்கே கால் விரல் வரை வேண்டும், முன்கைகளும் விடுபடக் கூடாது. இன்க்ளூஷன் பாடி மயோசைட்டிஸ் என்னும் தசை அழற்சி வகை முன்கையையும் தொடையின் முன்தசையையும்தான் முதலில் பிடிக்கும்.

முந்தைய நாள் பிசியோதெரபி

வேண்டாம்.

ஒளிரவில்லை, ஆகவே நோயில்லை

ஸ்டீராய்டு தொடங்கிய பிறகு எடுத்த படத்தில் அழற்சி அடங்கித் தெரியலாம். மருந்து தொடங்கிய தேதியை அறிக்கையில் எழுதுங்கள். தசைத் துணுக்கு எடுக்க இடம் கேட்டால், எம்ஆர்ஐயில் கொழுப்பை மறைத்து வீக்கத்தைக் காட்டும் ஸ்டிர் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். கொழுப்பாக மாறிவிட்ட தசையில் ஊசியை இறக்கிப் பயனில்லை.